எண்ணியவரை நம்பாமல் எண்ணிக்கையை நம்புவது எப்படி?

நான் உறுப்பினராக இருக்கும் முன்னாள் மாணவர் சங்கம் ஒன்று, போன முறை செயலவைத் தேர்தலை இணையத்தில் நடத்தியது. மலேசியாவில், பட்டர்வொர்த் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களின் சங்கம். பாதிப் பேர் வேலைக்காகக் கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு நேரில் வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். அதனால் இணையப் படிவம் ஒன்றைத் தயாரித்து, இணைப்பைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டார்கள். ஒரு வாரம் கழித்துக் கணக்கைப் பார்த்தால், உறுப்பினர் பட்டியலில் இருந்தது 186 பேர். விழுந்திருந்தது 194 ஓட்டு.

படிவத்தைத் தயாரித்த தம்பி கெட்டிக்காரர், நேர்மையானவர். அன்று இரவே சரிசெய்துவிட்டார். “சில பேர் ரெண்டு தடவை அனுப்பிட்டாங்க. அதையெல்லாம் எடுத்துட்டேன், இப்போ 171” என்று குழுவில் எழுதினார். எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எங்கள் எல்லாருக்கும் அக்கா, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “யாரு ரெண்டு தடவை போட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது தம்பி?”

அதற்குப் பிறகு வெகுநேரம் குழுவில் யாரும் எழுதவில்லை. இரண்டு தடவை போட்டவரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒவ்வோர் ஓட்டோடும் பெயர் இருந்திருக்க வேண்டும். பெயர் இருந்தால், யார் யாருக்குப் போட்டார் என்பதும் அந்தத் தம்பிக்குத் தெரியும். பெயர் இல்லையென்றால், எடுத்தது இரட்டை ஓட்டுதான் என்பதற்குச் சாட்சியே கிடையாது. தலைவர் பதவிக்கு நின்று மூன்று ஓட்டில் தோற்றவர் புகார் எதுவும் கொடுக்கவில்லை. சங்கத்துக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

மின்னணு வாக்களிப்பு பற்றிய பேச்சு நம் நாட்டில் தேர்தல் வரும்போதெல்லாம் எழுகிறது. வங்கிக் கணக்கையே கைப்பேசியில் வைத்திருக்கிறோம், ஓட்டுப் போட மட்டும் ஏன் வெயிலில் நிற்க வேண்டும் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். பிகேஆர் கட்சி 2018இல் தன் உட்கட்சித் தேர்தலை டேப்லெட் வைத்து நடத்திப் பார்த்தது. சில இடங்களில் கோளாறால் வாக்களிப்பு தடைபட்டது. 2022இல் கைப்பேசிச் செயலியையும் சேர்த்துக்கொண்டது. ஆக, இது எங்கோ வெளிநாட்டில் நடக்கிற விஷயம் இல்லை. இளையவர்களின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அக்காவின் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வங்கியிலிருந்து 100 வெள்ளி (ரிங்கிட்) காணாமல் போனால் என்ன செய்வோம்? கணக்கறிக்கையை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போடுவோம். ஒவ்வொரு வரவிலும் செலவிலும் நம் பெயர் இருக்கிறது. தவறு நடந்தால் தடம் இருக்கிறது, பணத்தைத் திரும்பப் போடவும் வழி இருக்கிறது. மோசடி கொஞ்சம் நடக்கும் என்று வங்கியே கணக்கில் எடுத்து, அந்த நட்டத்தைத் தாங்கித்தான் தொழில் செய்கிறது. ஓட்டின் கதை வேறு. பெட்டிக்குள் விழுந்த கணத்தில் அது நம் பெயரிலிருந்து அறுந்துவிட வேண்டும். அறுந்த பிறகு, ‘என் ஓட்டை மாற்றி எண்ணிவிட்டீர்கள்’ என்று காட்ட நம்மிடம் அறிக்கை இருக்காது. இருக்கவும் கூடாது. யாருக்குப் போட்டேன் என்று காட்டும் ரசீது கையில் இருந்தால், அதை 50 வெள்ளி கொடுத்து வாங்க ஒருவர் வாசலில் நிற்பார். முதலாளி கேட்பார், வீட்டுப் பெரியவர் கேட்பார். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

என் ஓட்டு சரியாக எண்ணப்பட்டது என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆனால் அதை இன்னொருவருக்கு நிரூபிக்க என்னால் முடியக் கூடாது. ஒன்றோடொன்று மோதுகிற இந்த இரண்டு தேவைகளையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றியாக வேண்டும். கணினித் துறையில் பழுத்த அறிஞர்கள் பலரே இணையத் தேர்தல் என்றதும் தயங்குவது இதனால்தான்.

இப்போது நம்மிடம் இருக்கும் முறை இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்ப்போம். 2018 மே 9, புதன்கிழமை. செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் ஒரு வேட்பாளரின் சார்பில் எண்ணும் முகவராக உட்கார்ந்திருந்தேன். ஒரு சாலுரான் என்பது ஒரு வகுப்பறை, சில நூறு வாக்காளர்கள். பெட்டியை லாரியில் ஏற்றி எங்கோ கொண்டுபோவதில்லை. வாக்களிப்பு முடிந்ததும் அங்கேயே நம் கண் முன்னால் திறக்கிறார்கள். சீட்டுகளைக் கொட்டி, விரித்து, ஒவ்வொன்றாகக் காட்டி எண்ணினார்கள். கட்டத்தைத் தாண்டிப் போன பெருக்கல் குறி, இரண்டு கட்டத்திலும் போட்ட குறி எல்லாம் தனியாகப் போயின. அவற்றைப் பற்றிக் கொஞ்சம் வாக்குவாதமும் நடந்தது. கடைசியில் போராங் 14 என்ற தாள். அந்த அறையில் யாருக்கு எத்தனை என்று எழுதி, வாக்களிப்பு மையத் தலைவர் கையெழுத்துப் போட்டு, முகவர்களும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வாங்கிக்கொண்டு வந்தோம்.

அந்த நகல்தான் விஷயம். நாடு முழுக்க எல்லா அறைகளிலிருந்தும் வந்த நகல்களைக் கட்சிகள் தாங்களே கூட்டிக்கொள்ளலாம். அன்று இரவு அதிகாரபூர்வ அறிவிப்பு மெதுவாக வந்துகொண்டிருந்தபோதே, தங்கள் முகவர்கள் அனுப்பிய கணக்கை வைத்து எதிரணியினர் வெற்றியைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சில இடங்களில் போராங் 14இல் கையெழுத்துப் போட அதிகாரிகள் மறுக்கிறார்கள் என்று பெரிய சர்ச்சை எழுந்ததும் அன்றுதான். ஒரு தாளுக்காக ஏன் அவ்வளவு கொதித்தார்கள்? மொத்தக் கணக்கை யார் மாற்றினாலும் காட்டிக்கொடுப்பது அந்தத் தாள்தான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

காகித முறையில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2008 பொதுத் தேர்தலில் அழியா மை வரப்போகிறது என்று சொல்லி, வாக்களிப்புக்கு நான்கு நாள் முன்பு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 2013இல் வந்த மை கழுவினால் போகிறது என்று புகார். வாக்காளர் பட்டியலைப் பற்றிய புகார்களுக்கு முடிவே இல்லை. 2007 முதல், தூய்மையான தேர்தல் கேட்ட பெர்சே இயக்கத்துக்காக இத்தனை பேர் தெருவில் இறங்கியதற்குக் காரணம் வேறென்ன? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. காகிதத்தில் பெரிய அளவில் ஏமாற்ற ஆயிரம் அறைகளில் ஆயிரம் கைகள் வேண்டும். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மென்பொருளில் ஏமாற்ற ஓர் அறையில் ஒரு கை போதும். மென்பொருளில் நேரும் தவறும் அப்படித்தான், ஒரே தவறு ஆயிரம் அறைகளிலும் நடக்கும்.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி நம்மவர்கள் மேடைதோறும் பேசுகிறோம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்டவை. குடவோலை என்பது, ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் குலுக்கல். இன்றைய வாக்களிப்பு அல்ல. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நமக்கு மக்களாட்சி என்று சொல்லிப் பெருமைப்படுவதைவிட, அதில் சொல்லப்பட்டிருக்கும் செய்முறையைப் படிப்பது எனக்குப் பிடிக்கும். சபை முழுதும் கூடியிருக்க வேண்டும். குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுபிள்ளை ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். அவர் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் (கோயில் அர்ச்சகர்கள்) எல்லாரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும்.

ஐந்து விரல்களையும் ஏன் விரிக்கச் சொன்னார்கள்? விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடலாம் என்ற சந்தேகத்தை வெளிப்படையாக எடுத்துக்கொண்டு, விதி செய்திருக்கிறார்கள். மத்தியஸ்தர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே அங்கு வரவில்லை. அவர் யாராக இருந்தாலும் பார்ப்பவர்கள் ஏமாறாதபடி செய்முறை இருக்கிறது. ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பற்றி யாராவது பேசினால், இதன் விரல்கள் விரிந்திருக்கின்றனவா என்று நான் முதலில் பார்ப்பேன்.

நாம் அதிகம் கேள்விப்படுகிற இயந்திரம் இந்தியாவினுடையது. தமிழ்நாட்டுத் தேர்தலை நம் வீட்டுத் தேர்தல் மாதிரி பின்தொடர்கிறவர்கள் இங்கே நிறைய. அது முதலில் பயன்பட்டது 1982இல், கேரளத்தின் பரவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். தோற்றவர் வழக்குப் போட்டார். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் இந்தியா முழுக்க வந்தது.

அங்கே அதற்குத் தேவை இருந்தது. சாவடியைக் கைப்பற்றி, கட்டுக்கட்டாகச் சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியை நிரப்புவது அங்கே பழைய வியாதி. இயந்திரம் நிமிடத்துக்கு நான்கைந்து ஓட்டுக்கு மேல் வாங்காது. அந்த வேகத்தடையே பாதி வைத்தியம். சீட்டு அச்சடிப்பதும் சின்ன வேலை இல்லை. 1996இல் ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டபோது வாக்குச் சீட்டு ஒரு புத்தகமாகவே ஆகிப்போனது. நம் நாட்டு வியாதி வேறு. பட்டியல் ஒன்று, தொகுதிகளின் அளவு ஒன்று. 2022 பொதுத் தேர்தலில் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள், சரவாக்கின் ஈகானில் 30,000க்கும் குறைவு. எந்த இயந்திரத்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

இந்திய இயந்திரம் எந்த வலைத்தொடர்போடும் இணைக்கப்படுவதில்லை. எங்கோ உட்கார்ந்து இணையம் வழியாக அதற்குள் நுழைய முடியாது என்று தேர்தல் ஆணையம் சொல்வது சரிதான். ஆனால் 2010இல் ஹைதராபாத்தின் ஹரி பிரசாத், அமெரிக்காவின் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்க்ரைப் ஆகியோர் ஓர் இயந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வழிகளைக் காட்டினார்கள். முடிவைக் காட்டும் பகுதியை மாற்றிவிட்டால் எண்கள் பொய்யாகும். நினைவகச் சில்லில் சிறு கருவியைக் கவ்வ வைத்தால் பதிவான ஓட்டுகளே மாறும். இதற்கு இயந்திரம் கையில் கிடைக்க வேண்டும். பூட்டும் முத்திரையும் காவலும் இருக்கும்போது கிடைக்காது என்பது ஆணையத்தின் பதில். அந்தப் பதிலின் பொருளைக் கவனியுங்கள்: பூட்டி வைத்தவரை நம்ப வேண்டும்.

இந்த வாதத்துக்குக் கடைசியில் வழி காட்டியது காகிதம்தான். 2013இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் ஒப்புகைச் சீட்டுக் கருவி முதன்முதலாக வந்தது. பொத்தானை அழுத்தினால், போட்ட சின்னம் ஒரு சிறு தாளில் அச்சாகி, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வினாடி தெரிந்து, பெட்டிக்குள் விழும். கையில் கிடைக்காது, அதனால் விற்கவும் முடியாது. வாக்காளர் தன் கண்ணால் பார்த்த தாள் ஒன்று இயந்திரத்துக்கு வெளியே சாட்சியாக இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சாட்சியை யார், எவ்வளவு விசாரிக்கிறார்கள்? 2019இல் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து இயந்திரங்களின் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்கச் சொன்னது. எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற மனுவை 2024 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் கேட்டால் 5 விழுக்காடு இயந்திரங்களின் சில்லுகளைச் சோதிக்கலாம் என்று மட்டும் சேர்த்தது.

ஐந்து போதுமா? கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு தொகுதியில் 250 இயந்திரங்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்து இயந்திரங்களில் கைவைத்திருக்கிறார்கள். குலுக்கல் முறையில் ஐந்தை எடுத்து எண்ணினால், அவற்றில் ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துகூட இல்லை. 50 இயந்திரங்கள் கெட்டிருந்தால் அகப்படும் வாய்ப்பு சுமார் 68. மூன்றில் ஒரு தடவை அதுவும் தப்பித்துவிடும். ஆனால் இதே ஐந்து ஐந்தாகத் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளிலும் எடுத்தால் 1,170 இயந்திரங்கள். மாநிலம் முழுக்கப் பரவலாகச் செய்த மோசடி எதுவும் அதிலிருந்து தப்ப முடியாது. அதாவது ‘ஆட்சியையே திருடிவிட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டுக்கு ஐந்து என்ற எண்ணே நல்ல பதில். 500 ஓட்டில் தோற்ற ஒரு வேட்பாளருக்கு அது பதிலே இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் தொலைக்காட்சி விவாதங்கள் எங்கும் போய்ச் சேருவதில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். உலை முழுக்க ஒரே கொதி என்பதால் சோற்றுக்கு அது சரி. தேர்தல் பானையில் ஒரு மூலை வெந்து, ஒரு மூலை அரிசியாகவே இருக்கலாம். எத்தனை பருக்கை எடுத்துப் பார்ப்பது என்பதை வெற்றி வித்தியாசத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். ஒரு லட்சத்தில் ஜெயித்தவருக்குக் கொஞ்சம் சீட்டுகளைப் பார்த்தால் போதும். நூறில் ஜெயித்தவருக்கு எல்லாவற்றையும் எண்ணியாக வேண்டும். அமெரிக்கப் புள்ளியியல் பேராசிரியர் ஃபிலிப் ஸ்டார்க் இதை முறையான தணிக்கையாக வகுத்துக் கொடுத்தார். கொலராடோ மாநிலம் 2017 முதல் மாநிலம் முழுக்க அப்படிச் செய்கிறது. 2020 அதிபர் தேர்தலில் ஜார்ஜியா மாநிலத்தில் சுமார் 50 லட்சம் ஓட்டுகளில் வித்தியாசம் ஏறக்குறைய 12,000தான். அதனால் தணிக்கை என்று தொடங்கியது, எல்லாச் சீட்டுகளையும் கையால் எண்ணுவதில் போய் முடிந்தது. முடிவு மாறவில்லை. ஆனால் ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) சுமார் 2,600 சீட்டுகள் எண்ணப்படாமலே கிடந்தது அப்போதுதான் தெரிய வந்தது. யாரும் ஊடுருவவில்லை, மனிதக் கவனக்குறைவு. தாள் இருந்ததால் தெரிந்தது.

தாள் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியத்தைச் சொல்வேன். 2003 மே 18, பிரஸ்ஸல்ஸ் நகரின் ஸ்கார்பேக் பகுதி. ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு கூடுதலாக விழுந்திருந்தது. இரண்டைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் வரும் எண் 4,096. கணினி நினைவகத்தில் எண்கள் இரண்டின் அடுக்குகளாகத்தான் (1, 2, 4, 8 என்று) உட்கார்ந்திருக்கும். அதில் ஒரே ஓர் இடம் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகத் தானே புரண்டிருக்க வேண்டும் என்றார்கள் ஆராய்ந்தவர்கள். இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அந்த அம்மையாருக்கு, கிடைக்கவே முடியாத அளவுக்கு ஓட்டு விழுந்திருந்ததால். அதே பிசகு கொஞ்சம் தள்ளிப் புரண்டு 64 ஓட்டாக வந்திருந்தால் இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது. இதைப் படித்த நாளிலிருந்து இந்த 64 என்ற எண் என்னை விட்டுப் போகவில்லை.

ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று கொடுத்த தீர்ப்பைத்தான் இந்த விஷயத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2005 தேர்தலில் பயன்பட்ட வாக்களிப்புக் கணினிகள் சாசனத்துக்கு விரோதம் என்றது அது. மோசடி நடந்ததாக நீதிமன்றம் சொல்லவில்லை. தேர்தல் முடிவையும் ரத்து செய்யவில்லை. தொழில்நுட்ப அறிவு எதுவும் இல்லாத ஒரு சாதாரணக் குடிமகன், வாக்களிப்பின் முக்கியமான படிகளையும் எண்ணிக்கையையும் தானே சரிபார்க்க முடிய வேண்டும். அது முடியாதென்றால் அது பொதுத் தேர்தல் இல்லை என்றது. நிபுணர்கள் சான்றிதழ் கொடுத்தார்கள் என்பது போதாது. நெதர்லாந்தும் கணினிகளை ஓரங்கட்டிவிட்டுச் சிவப்புப் பென்சிலுக்குத் திரும்பியது. அயர்லாந்து 5 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து வாங்கிய இயந்திரங்களை 2012இல் பழைய இரும்புக்குப் போட்டது.

சரி, கைப்பேசி வாக்களிப்பு? எஸ்தோனியாவைக் காட்டுவார்கள். 2005 முதல் அங்கே இணையத்தில் ஓட்டுப் போடுகிறார்கள். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட ஓட்டுகள் இணையத்தில்தான் விழுந்தன. சில்லு வைத்த அடையாள அட்டை எல்லாரிடமும் இருக்கிறது, அதைத் தினசரி வேலைகளுக்குப் பயன்படுத்திப் பழகியிருக்கிறார்கள். மிரட்டி ஓட்டுப் போட வைப்பதைத் தடுக்க ஒரு நல்ல யோசனையும் வைத்திருக்கிறார்கள்: எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் செல்லும், நேரில் போய்த் தாளில் போட்டால் இணைய ஓட்டு தானாக ரத்தாகும். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அப்படியும் 2014இல் அந்த முறையை ஆராய்ந்த வெளிநாட்டு நிபுணர் குழு, வாக்காளரின் கணினியிலோ சர்வரிலோ தீய மென்பொருள் புகுந்தால் ஓட்டு மாறலாம் என்று எச்சரித்தது. 2017இல் சுமார் 7.5 லட்சம் அடையாள அட்டைகளின் சில்லில் பாதுகாப்புக் குறை இருப்பது தெரிந்து, அவசரமாகப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

எஸ்தோனியாவின் மக்கள்தொகையே 13 லட்சம் அளவுதான். 2022இல் நம் வாக்காளர் பட்டியலில் 2 கோடியே 11 லட்சம் பேருக்கு மேல். நம் கைப்பேசிகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். திருமண அழைப்பிதழ் என்று புலனத்தில் வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்பைத் திறந்துவிட்டு, வங்கிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2017இல் 4.62 கோடி கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தி வந்தது. நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம். அதே கைப்பேசிதான் வாக்குப்பெட்டி ஆகும் என்றால், பணம் போனவருக்குப் போனது தெரியும். ஓட்டு மாறியவருக்குத் தெரியவே தெரியாது.

யாரும் தாக்காமலே கவிழ்வதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2021 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் இணைய முறை கூட்டம் தாங்காமல் திணறியது. வாக்களிக்க முடியாமல் போனவர்களின் எண்ணிக்கை முடிவையே மாற்றியிருக்கலாம் என்பதால் மூன்று மன்றங்களின் முடிவை நீதிமன்றம் ரத்து செய்தது. கணிதத்தால் இதையெல்லாம் தீர்க்க முடியாதா என்றால், அந்த ஆராய்ச்சி அழகாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ‘உன் ஓட்டு கணக்கில் சேர்ந்தது’ என்று காட்டி, ‘யாருக்கு’ என்பதை மறைக்கும் மறைகுறி முறைகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து 2019இல் தன் முறையின் மூலநிரலைப் பொதுவில் வைத்தது. வெளியிலிருந்து படித்த ஆய்வாளர்கள் அதன் நிரூபணத்திலேயே ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். நிரலைத் திறந்து வைத்தது பாராட்ட வேண்டிய செயல். ஆனால் அந்த ஓட்டையைக் காணும் கண் உலகத்திலேயே சில பேருக்குத்தான் இருக்கிறது. எங்கள் சாலுரானில் உட்கார்ந்திருந்த முகவர்களில் ஒருவர் லாரி ஓட்டுநர். அவர் தப்பாகப் போன ஒரு சீட்டைப் பிடித்தார்.

அதற்காகக் கணினியே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. அதை வைக்க வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும். இந்தோனேசியாவைப் பாருங்கள். அங்கே தாளில் போட்டு, சாவடியிலேயே எல்லார் முன்னிலையிலும் சத்தமாக எண்ணுகிறார்கள். 2024 பிப்ரவரித் தேர்தலில் ஒவ்வொரு சாவடியின் முடிவுத் தாளையும் படமெடுத்து இணையத்தில் ஏற்றும் சிரேகாப் என்ற செயலி, கையால் எழுதிய எண்களைத் தப்பாக வாசித்துப் பெரும் களேபரம் ஆனது. ஆனால் அந்தத் தப்பைக் கண்டுபிடித்தவர்கள் யார்? படம் பக்கத்திலேயே இருந்ததால், வீட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்த பொதுமக்கள். 2014லேயே தன்னார்வலர்கள் சேர்ந்து நாட்டின் முடிவுத் தாள்களைத் தாங்களே கூட்டிப் பார்த்தார்கள். நம் தேர்தல் ஆணையமான எஸ்பிஆர் ஒவ்வொரு சாலுரானின் போராங் 14ஐயும் அன்று இரவே படமெடுத்து எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டால், முகவர் வைக்க வசதியில்லாத சின்னக் கட்சிக்கும் சுயேச்சைக்கும் அந்தத் தாள் கிடைக்கும். அதற்கு மறைகுறிக் கணிதம் தேவையில்லை. ஒரு ஸ்கேனர் போதும்.

எனக்கு மனம் உறுத்துகிற ஒரே இடம் வெளிநாட்டில் இருப்பவர்களின் ஓட்டு. 2018இல் வேட்புமனுத் தாக்கலுக்கும் வாக்களிப்புக்கும் இடையே 11 நாள்தான். சீட்டு அச்சாகி, லண்டனுக்கும் மெல்பர்னுக்கும் போய், குறியிட்டு, திரும்பி வர அது போதவில்லை. விமான நிலையத்தில் நின்று, ஊருக்குப் பறக்கும் முன்பின் தெரியாதவரிடம் உறையைக் கொடுத்தனுப்பினார்கள். அந்த உறைகளைச் சுமந்து வந்தவர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் ஒரு நாடு தன் குடிமக்களை அப்படி ஓட விடக் கூடாது. இதற்கு இணைய வாக்களிப்பு தீர்வு என்று சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. சீட்டை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பி, அவர்களே அச்சடித்து, குறியிட்டு அனுப்பினால் பயணம் பாதியாகும். வாக்களிப்பு நாளைத் தள்ளி வைத்தால் இன்னும் நேரம் கிடைக்கும். தாள் தாளாகவே இருக்கும்.

எங்கள் சங்கத்தில் மறுபடி தேர்தல் வைத்தோம். இந்த முறை பள்ளி மண்டபத்தில், தாளில். வெளியூரில் இருப்பவர்களுக்கு நாட்டின் அஞ்சல் வாக்கு மாதிரியே இரண்டு உறை அனுப்பினோம். உள் உறையில் பெயரில்லாத சீட்டு. வெளி உறையில் பெயரும் கையெழுத்தும். முதலில் பெயரைப் பட்டியலில் சரிபார்ப்போம், பிறகு வெளி உறையைப் பிரித்து, உள் உறைகளை எல்லாம் ஒன்றாகக் கலந்த பின்தான் திறப்போம். ஒருவர் இரண்டு தடவை அனுப்பினால் வெளி உறையிலேயே தெரிந்துவிடும். யாருக்குப் போட்டார் என்பது தெரியாது. அக்காவின் கேள்விக்கு அஞ்சல்காரர்களின் பழைய உறை பதில் சொல்லிவிட்டது. எண்ணியவர் அதே தம்பிதான். ஒவ்வொரு சீட்டையும் விரல்களை விரித்து ஏந்திக் காட்டினார்.

நேரில் வந்தவர்கள் 62, உறையில் வந்தவை 23. இணையத்தில் 171 பேர் போட்ட இடத்தில் 85தான். அது எனக்கு வருத்தம்தான், எப்படிக் கூட்டுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். சிங்கப்பூரிலிருந்து ஓர் உறை மறுநாள் வந்தது. விதிப்படி அதைச் சேர்க்க முடியாது. பிரிக்காமல், வந்த தேதியை மேலே எழுதி, சங்கக் கோப்பில் வைத்திருக்கிறோம்.